பழைய கேமைத் திரும்ப விளையாடுவது: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கடை ஓரத்தில் ஒரு பிக்சர் டியூப் டிவியும் அதில் மாட்டிய பழைய கேம் பெட்டியும் எப்போதும் இருக்கும். வேலை குறைந்த மத்தியானங்களில் உட்கார்ந்து விளையாடுவேன். அதைப் பார்த்துவிட்டு, பாபநாசத்திலிருந்து வருகிறவரும் மன்னார்குடியிலிருந்து வருகிறவரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளை எழுதிப் பதிலும் சேர்த்திருக்கிறேன்.

அண்ணே, முடிச்ச கேமைத் திரும்ப விளையாடுறதுல என்ன இருக்கு? எல்லாம்தான் தெரிஞ்சுபோச்சே?

முதல் தடவை விளையாடும்போது கண் முழுக்க அடுத்த ஆபத்தின் மேலேயே இருக்கும். தம்பி கைக்குக் கண்ட்ரோலர் போவதற்குள் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட வேண்டும். அந்த அவசரத்தில், செய்தவர்கள் எதை எங்கே வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று கவனிக்க நேரம் ஏது? ஜெயிக்கும் ஆசை அடங்கிய பிறகுதான் அது கண்ணில் படும். எனக்குத் திரும்ப விளையாடுவதின் ருசியே அதுதான்.

1985-இல் வந்த சூப்பர் மாரியோவின் முதல் திரையையே பாருங்கள். மாரியோ இடது ஓரம் நிற்கிறார், வலப்பக்கம் வெட்டவெளி. யாரும் சொல்லாமலே வலப்பக்கம் நடக்கிறோம். எதிரே ஒரு குட்டி பூதம் வருகிறது, தலைக்கு மேல் கேள்விக்குறி போட்ட கட்டை மின்னுகிறது. முட்டினால் ஒரு காளான் வெளியே வந்து, வலப்பக்கம் ஓடி, தரையில் விழுந்து, பச்சைக் குழாயில் மோதி, திரும்பி நம்மை நோக்கியே வருகிறது. அதுவும் எதிரி என்று பயந்து குதித்தாலும் மேலே இருக்கும் கட்டைகள் தடுக்கும். பெரும்பாலும் காளான் நம் மேல் பட்டுவிடும், மாரியோ பெரிதாகிவிடுவார். பூதத்திடமிருந்து விலகு, காளானை எடுத்துக்கொள் என்று ஓர் எழுத்துகூட இல்லாமல் சொல்லிக்கொடுத்துவிட்டார் ஷிகெரு மியாமோட்டோ. இங்கிலீஷ் படிக்கத் தெரியாத டெல்டா பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தக் கேமைக் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

தை மாதம் திருவையாற்றில் பஞ்சரத்ன கீர்த்தனை பாடும்போது அடுத்த வரி என்னவென்று தெரியாதவர் பந்தலில் குறைவு. தெரிந்தும்தான் போகிறோம்.

சரி, எதுலேர்ந்து ஆரம்பிக்கிறது?

சின்னதாக ஒன்றை எடுங்கள். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா (1989) நல்ல தொடக்கம்: மொத்தக் கேமுக்கும் 60 நிமிடம்தான் கெடு. ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோ எடுத்து, அந்த அசைவுகளைப் படம் படமாகப் பார்த்து வரைந்தார். ஓடிக்கொண்டிருக்கிற இளவரசனைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள். கால் சறுக்கி, உடம்பு சாய்ந்து, அப்புறம்தான் திரும்புவான். சின்ன வயதில் அந்தத் தாமதம் எரிச்சலாக இருந்திருக்கும். இப்போது பார்த்தால் அது ஒரு மனித உடம்பின் கனம் என்று புரியும்.

தம்பி, கேம் கேம்னு சொல்றீங்களே, இது அந்த ரம்மி மாதிரி பணம் போற சமாச்சாரமா?

இல்லைங்கம்மா. பணம் கட்டி, பணம் ஜெயிக்கலாம் என்று ஆசை காட்டுகிற ஆன்லைன் ஆட்டங்கள் வேறு. அவற்றைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே நிறைவேற்றியிருக்கிறது. நான் சொல்லும் பழைய கேம்களில் பந்தயமே கிடையாது.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். போன் கேம்களில் உள்ளே போன பிறகு துணிமணி, துப்பாக்கி என்று காசு கேட்கும். பிளே ஸ்டோரில் பாஸ்வேர்டு கேட்காமல் எதையும் வாங்க முடியாதபடி வைத்துவிடுங்கள். அப்புறம் வைஸ் சிட்டி மாதிரியான கேம்கள் பெரியவர்களுக்கானவை. அப்பா விளையாடினது என்பதற்காகப் பத்து வயதுப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம்.

எங்க வீட்டுப் பரண்ல ஒரு டிவி கேம் கெடக்கு. கேசட்டை ஊதிப் போட்டா ஓடிடும்ல?

ஊதாதீர்கள். நாம் ஊதியதால் அது ஓடவில்லை. கழற்றித் திரும்பச் செருகியதில் பின்கள் சரியாகத் தொட்டன, அதனால் ஓடியது. வாய்க்காற்றில் இருக்கும் ஈரம் பின்களில் படிந்து, நாளாவட்டத்தில் அரிக்கத்தான் செய்யும். காவிரிக்கரை ஈரமும் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றும் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன.

கேசட்டைத் திருப்பி அடியில் பாருங்கள், வரிசையாகப் பட்டைகள் தெரியும். பச்சையாகப் பூத்திருந்தால் அது களிம்பு, செம்புக் குடத்தில் ஏறுகிற அதே களிம்புதான். பாத்திரக்கடை ஊர்க்காரர்கள் உடனே புளியை எடுத்துவிடுகிறார்கள். வேண்டாம். புளியின் அமிலம் இடுக்கில் தங்கிப் பட்டையையே தின்றுவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, மெதுவாகத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். அடாப்டரையும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். இத்தனை வருடம் பரணில் கிடந்த அடாப்டரை நம்பி நேரே சொருகக் கூடாது.

பெட்டி ஓடுது சார், ஆனா வாத்து சுடுற துப்பாக்கி மட்டும் வேலை செய்யல. கெட்டுப்போச்சா?

துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் மாட்டியிருப்பது தட்டை டிவி. அதில் அது வேலை செய்யாது.

அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. உள்ளே ஒளியை உணரும் ஒரு கண்தான் இருக்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு நொடிப்பொழுது முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். இரண்டு வாத்து இருந்தால் இரண்டுக்கும் அடுத்தடுத்து. கறுப்பைப் பார்த்த கண் உடனே வெள்ளையைப் பார்த்தால், குறி சரி என்று கணக்கு. பிக்சர் டியூபில் படம் உடனுக்குடன் வரும். தட்டை டிவி ஒவ்வொரு படத்தையும் வாங்கித் திருத்திக் காட்டுவதற்குள் கொஞ்சம் பிந்திவிடும், துப்பாக்கி எதிர்பார்த்த நேரம் அதற்குள் போய்விடும். நேரே பல்பைப் பார்த்துச் சுட்டால் ஜெயித்துவிடலாம் என்று அந்தக் காலத்தில் யாராவது ஒருத்தர் சொல்லியிருப்பார்கள். கறுப்பு வர வேண்டிய இடத்தில் வெளிச்சம் வந்தால் ஒத்துக்கொள்ளாதபடி செய்ததே அந்த ஏமாற்றைத் தடுக்கத்தான்.

என்ன செய்யலாம்? 2006 முதல் அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி நம் பக்கம் இன்னும் பல வீடுகளில், ஓடுகிற நிலையிலேயே மூலையில் கிடக்கிறது. பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் ஒரு தடவை வாத்து சுட்டுப் பாருங்கள்.

போன்ல மாரியோ போட்டேன். ரொம்ப வேகமா ஓடுது, பாட்டும் வேகமா வருது. சின்ன வயசுல இப்படி இல்லையே?

உங்கள் நினைவு சரியாகவே இருக்கலாம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு ஏறக்குறைய 60 தடவை படம் காட்டும். நம் ஊர் டிவி 50 தடவை. அந்தக் காலக் கேம்கள் ஒரு படத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில்தான் நகரும், இசையும் அப்படித்தான். நம் ஊர் டிவிக்கென்று 50-க்குச் செய்த பெட்டியில் 60-க்கு எழுதிய கேமைப் போட்டால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துவிடும். நீங்கள் வளர்ந்தது அந்த மெதுவான மாரியோவோடு. போனில் ஓடுவது ஜப்பான்காரர்கள் எழுதிய வேகம்.

பழைய கேம் பெட்டி போலவே நடிக்கும் நிரலுக்கு எமுலேட்டர் என்று பெயர். அதன் அமைப்பில் 50-க்கு மாற்றும் பால் (PAL) அல்லது டெண்டி (Dendy) என்ற வசதி இருந்தால் மாற்றிப் பாருங்கள். பாதாள அறைப் பாட்டு பழைய நடையில் வரும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சிடி பத்திரமா வச்சிருக்கேன், புது கம்ப்யூட்டர்ல ஏறவே மாட்டேங்குது.

பெரும்பாலும் சிடியின் குற்றமில்லை. நகல் எடுப்பதைத் தடுக்க அந்தக் காலத்துச் சிடிகளில் சேஃப்டிஸ்க் மாதிரி பூட்டுகளைப் போட்டார்கள். அந்தப் பூட்டுக்கு விண்டோஸின் அடிமட்டம் வரை கைவைக்கும் உரிமை வேண்டும். அது பாதுகாப்புக்கு ஆபத்து என்று 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாஃப்ட் அதை ஏற்க மறுத்துவிட்டது. காசு கொடுத்து அசல் சிடி வாங்கியவர்தான் இன்று வெளியே நிற்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

வழி இருக்கிறது. 2008-இல் தொடங்கிய ஜிஓஜி தளத்தில் பழைய கேம்களைப் பூட்டு எதுவும் இல்லாமல், இன்றைய விண்டோஸில் ஓடும்படி சரிசெய்து விற்கிறார்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துக் கேம் என்றால் டாஸ்பாக்ஸ் என்ற நிரல் போதும். அரசு கொடுத்த பழைய மடிக்கணினி வீட்டில் இருந்தால் அதில் இருக்கும் விண்டோஸ் 7-ஐ அழித்துவிடாதீர்கள். 2000-களின் கேம்களுக்கு அதுவே நல்ல வீடு. நெட்டில் மட்டும் இணைக்க வேண்டாம்.

நெட்டுல தேடினா எல்லாம் சும்மாவே கெடைக்குதே. இறக்கிக்கலாமா, தப்பா?

எமுலேட்டர் என்ற நிரலை வைத்திருப்பதில் தப்பில்லை. கேம் கோப்புதான் பிரச்சினை: வயதாகிவிட்டது என்பதால் உரிமை போய்விடாது, 1985 கேமுக்கும் உரிமையாளர் உண்டு. நாம் விளையாடிய பெட்டிகளிலும் கேசட்டுகளிலும் பெரும்பாலானவை அனுமதி இல்லாத நகல்கள் என்பதும் உண்மை.

காசு கொடுத்து வாங்க வழி இருந்தால் வாங்கிவிடுங்கள் என்பது என் கட்சி. ஆனால் வாங்கவே வழியில்லாதவைதான் அதிகம். அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்கெடுத்துச் சொன்னது. அப்படிப்பட்டவற்றை யாரோ சேமித்து வைத்திருப்பதால்தான் அவை இன்னும் இருக்கின்றன. மெக்னர் போல, தான் எழுதிய பிரின்ஸ் ஆஃப் பெர்சியா நிரலை 2012-இல் எல்லோரும் படிக்கப் பொதுவில் வைத்தவர்கள் மிகச் சிலரே.

ஜிடிஏ-வைத் திரும்ப வாங்கினேன். வண்டி ரேடியோவுல சில பாட்டைக் காணோம். பிரமையா?

பிரமை இல்லை. பாட்டுக்கான உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் வாங்குகிறார்கள். காலம் முடிந்தால் புதிதாக விற்கும் கேமிலிருந்து பாட்டு போய்விடும். ஜிடிஏ வரிசையில் வந்த வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் இரண்டின் பிந்தைய பதிப்புகளிலும் பாட்டுகள் குறைந்தன. நான்காவது ஜிடிஏ-வில் 2018-இல், பத்து வருடம் முடிந்ததும், ஒரு ரேடியோ நிலையத்தின் பெரும்பகுதியே மாறிப்போனது. ராத்திரியில் கடலோர ரோட்டில் வண்டி ஓட்டியது நினைவிருக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அந்தக் கேமில் பாதி பாட்டுதான்.

2021-இல் வந்த புதுப்பித்த பதிப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். பழைய சான் ஆண்ட்ரியாஸில் தூரத்தில் எப்போதும் ஒரு மூட்டம் இருக்கும். கம்ப்யூட்டரால் அவ்வளவு தூரம் வரைய முடியாததை மறைக்கப் போட்டது. புதுப் பதிப்பு வந்தபோது அதை விலக்கிவிட்டார்கள்; மலை உச்சியிலிருந்து பார்த்தால் மூன்று நகரமும் ஒரே பார்வையில் தெரிந்து, அந்த மாநிலமே சின்னதாகிப்போனது. பிழைகளும் நிறைய இருந்தன, நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. பழையது கிடைத்தால் பழையதையே விளையாடுங்கள்.

சீட் கோட் போட்டு முடிச்சா அது முடிச்சதா கணக்கா?

தாராளமாக. கேமை எளிதாக்கும் ரகசியக் குறிதானே சீட் கோட். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கட்டி விளையாடிய தலைமுறை நாம். வைஸ் சிட்டியில் டாங்கி வரவைக்க ‘பேன்சர்’ என்று தட்டுவதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தோம்.

காண்ட்ராவில் 30 உயிர் கிடைக்கும் மேல்-மேல்-கீழ்-கீழ் வித்தை எப்படிப் பிறந்தது தெரியுமா? கொனாமியின் கசுஹிசா ஹஷிமோட்டோ 1986-இல் கிராடியஸ் என்ற கேமைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அவராலேயே அதை முடிக்க முடியவில்லை. தனக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. வயதாகி விரல் வேகம் குறைந்தவர்கள் எமுலேட்டரில் நினைத்த இடத்தில் சேமித்துக்கொள்வதும் இந்த வகைதான்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்ல நம்ம சோழர் வந்தாச்சாமே, நெசமா?

நிஜம். நாடு கட்டிப் போர் செய்கிற கேம் அது. 1999-இல் இரண்டாவது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் வந்தபோது இந்தியாவே அதில் இல்லை. பாரசீகரை எடுத்துக்கொண்டு, யானை இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொள்வோம். 2013-இல் ‘இந்தியர்’ என்று மொத்தமாக ஓர் இனம் வந்தது. 2022 ஏப்ரலில் அதைப் பிரித்து வங்காளி, கூர்ஜரர், திராவிடர் என்று மூன்று இனங்களைச் சேர்த்தார்கள். கூடவே ராஜேந்திர சோழன் பெயரில் ஒரு படையெடுப்புத் தொடரும் வந்தது.

பழைய கேமுக்குத் திரும்பிப் போகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். அதே காடு, அதே மரம் வெட்டும் சத்தம். ஆனால் சிலம்பத்தில் சுருள்வாள் என்கிறோமே, அந்த உருமியைச் சுழற்றிக்கொண்டு வீரர்கள் வருகிறார்கள். துறைமுகத்தில் திரிசடை என்று ஒரு பெரிய கப்பல். குதிரைப்படை சுமார்தான், காலாட்படையும் கடற்படையும் பலம். 1025-இல் கடாரம் வரை கப்பல் விட்டவர்களுக்கு அது பொருத்தம். சோழர், பல்லவர், ஹொய்சளர் எல்லாரையும் ஒரே இனமாக அடைத்திருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அவர்கள் ஒருவரோடொருவர் போட்ட சண்டையே ஒரு தனிக் கேமுக்குப் போதும். ஆனாலும் கொள்ளிடம் தாண்டினால் கங்கைகொண்ட சோழபுரம் என்ற தூரத்தில் உட்கார்ந்து ராஜேந்திரனாக விளையாடுவது எப்படிப்பட்ட சந்தோஷம் என்பதை விளையாடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வயல்லதான் நாள் பூரா கெடக்குறோம். கேம்லயும் எதுக்கு விவசாயம்?

திருவாரூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் கேட்டது. ஃபார்ம்வில் நினைவிருக்கும், 2009-இல் வந்து, அது ஓடத் தேவையான ஃபிளாஷ் என்ற நிரல் நின்றுபோன 2020 டிசம்பர் 31-ஆம் தேதியே மூடப்பட்டது. அது கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஓடிய கேம். அதைத் திரும்ப விளையாட யாரிடமும் ஒன்றும் மிச்சமில்லை.

அவருக்கு நான் ஸ்டார்டியூ வேலியைப் (2016) போட்டுக் கொடுத்தேன். எரிக் பரோன் என்ற ஒருவரே நிரலும் படமும் இசையும் செய்தது. அதில் நெல் நாற்று உண்டு. தண்ணீர் ஓரமாக நட்டால் தினமும் பாய்ச்ச வேண்டாம், 8 நாளில் விளைவது 6 நாளில் விளையும். இதைப் படித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. ஜூன் 12 மேட்டூர் திறப்பார்களா, குறுவை போடலாமா, கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று ஒவ்வொரு வருடமும் காத்திருக்கிறவருக்கு, நட்ட நாற்றுக்குத் தண்ணீர் நிச்சயம் என்கிற ஒரு வயல் தேவையாகத்தான் இருக்கிறது. ராத்திரி அரை மணி நேரம் விளையாடுகிறார்.

எங்க அப்பாயிக்கு ஏதாவது கேம் இருக்கா?

2000-இல் வந்த நோக்கியா 3310-இல் பாம்பு கேமோடு பன்டூமி என்று ஒன்று இருந்தது. ஆளுக்கு ஆறு குழி, கடைசியில் ஒரு பெரிய குழி. பல்லாங்குழியின் தூரத்து உறவு. நம்முடையதில் ஆளுக்கு ஏழு குழி. கையில் இருப்பது தீர்ந்தால் அடுத்த குழியை அள்ளிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம், நான்கு சேர்ந்தால் பசு. பன்டூமியில் பசு கிடையாது, கடைசிக் காய் தன் பெரிய குழியில் விழுந்தால் இன்னொரு ஆட்டம் கிடைக்கும். பல்லாங்குழி ஆடிய கைக்கு இந்த வித்தியாசம் பிடிபட வெகு நேரம் ஆகாது. அப்படிக் கற்றுக்கொண்ட ஓர் அப்பாயி என் கடையில் பேரனைத் தோற்கடித்திருக்கிறார்.

ஆசையா போட்டேன் அண்ணே, பத்து நிமிஷத்துல சலிச்சுப்போச்சு. எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சா?

எதைப் போட்டீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். காண்ட்ரா, ரோட் ராஷ், கவுண்டர் ஸ்ட்ரைக் என்று வந்தால் காரணம் தெரிந்துவிடும். அவையெல்லாம் பக்கத்தில் ஆள் வைத்து விளையாடியவை. காண்ட்ராவில் முன்னால் ஓடுகிறவன் அருவியில் மேலே ஏறிவிட்டால் பின்னால் வருகிறவன் கீழே போய்ச் செத்துவிடுவான், அதற்குத்தான் அவ்வளவு சண்டையும் சிரிப்பும். தனியாக ஏறினால் அது வெறும் பாறை. முதல் பதிலில் சொன்ன ருசி தனியாக விளையாடவென்றே செய்த கேம்களில்தான் முழுசாகக் கிடைக்கும்.

கூட விளையாடினவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறாரா? டெல்டாவில் பாதிப் பேருக்கு அதுதான் பதில். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸின் 2019 பதிப்பில் நெட் வழியாகவே சேர்ந்து விளையாடலாம். துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், வெள்ளிக்கிழமை ராத்திரி கூப்பிடுங்கள்.

எங்கப்பா தவறிட்டாங்க. அவங்க டைரியில வெறும் நம்பரா எழுதி, சிலதுக்குப் பக்கத்துல டிக் போட்டிருக்காங்க. பழைய கம்ப்யூட்டர்ல தேடியும் ஒண்ணும் புரியல.

டைரியைக் கொண்டுவந்து காட்டினார்கள். எல்லாம் 32,000-க்கு உட்பட்ட எண்கள். அப்பா ஆபீஸ் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடுவாரா என்று கேட்டேன், ஆமாம் என்றார்கள். அது ஃப்ரீசெல்.

பழைய விண்டோஸ் ஃப்ரீசெல்லில் ஒவ்வொரு சீட்டுக் கலைப்புக்கும் ஓர் எண் உண்டு. விண்டோஸ் 95 காலத்தில் 1 முதல் 32,000 வரை. அதே எண்ணைக் கொடுத்தால் எந்தக் கம்ப்யூட்டரிலும் அதே சீட்டுகள் அதே வரிசையில் வரும். அவற்றில் தீர்க்கவே முடியாதது 11982 ஒன்றுதான் என்று 1990-களில் பலர் சேர்ந்து விளையாடியே கண்டுபிடித்தார்கள். உங்கள் அப்பா போட்ட டிக், ஜெயித்த ஆட்டங்களாக இருக்க வேண்டும்.

விண்டோஸ் எக்ஸ்பி இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் ஃப்ரீசெல்லைத் திறந்து எஃப்3 அழுத்தினால் எண் கேட்கும். அது இல்லையென்றால் பைசோல் என்ற இலவச நிரல் மைக்ரோசாஃப்டின் எண்வரிசையை அப்படியே ஏற்கும். டைரியின் பக்கங்களை முதலில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பென்சில் எழுத்து மங்கிக்கொண்டு வருகிறது. அப்புறம் டிக் இல்லாத எண்களிலிருந்து ஆரம்பியுங்கள்.